சாவி ஆளி

சாவி ஆளி என்பது உரிய சாவியைச் செருகித் திருப்பினால் மட்டுமே நிலை மாறும் மின் ஆளி ஆகும். சாதாரண ஆளியை அருகில் நிற்கும் எவரும் இயக்கலாம். சாவி ஆளியை அதன் சாவியை வைத்திருப்பவர் மட்டுமே இயக்க இயலும். இதனால் ஒரு பொறியை யார் இயக்கலாம், எப்போது இயக்கலாம், எந்த முறையில் இயக்கலாம் என்பவற்றைக் கட்டுப்படுத்த இது பயன்படுகிறது. வாகனங்கள், மின்தூக்கிகள், துறைமுகப் பாரந்தூக்கிகள், கொண்டுசெல் பட்டைகள், மின் துணைநிலையங்கள், கதிர்வீச்சுக் கருவிகள் முதலிய பலவற்றில் சாவி ஆளிகள் உள்ளன.

சாவி ஆளியும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டும் கருவியும் ஒன்றல்ல. பெரும்பாலான சாவி ஆளிகள் பொறியின் கட்டுப்பாட்டுச் சுற்றை மட்டுமே திறக்கின்றன அல்லது மூடுகின்றன. சாவியைத் திருப்பி எடுத்த பின்னரும் பொறியின் மின்திறன் சுற்றில் மின்னழுத்தம் இருக்கக்கூடும். இவ்வேறுபாட்டை அறியாமல் பொறிக்குள் கை வைப்பது உயிருக்கு ஆபத்தானது.

## பெயர்

தமிழில் இவ்வகைக் கருவி சாவி ஆளி, திறவுகோல் ஆளி, சாவிச் சொடுக்கி எனப் பலவாறு குறிப்பிடப்படுகிறது. தொழிலகங்களிலும் கடைகளிலும் கீ சுவிட்ச் என்ற சொல்லே வழக்கில் உள்ளது. திறவுகோல் என்பது தூய தமிழ்ச் சொல். சாவி என்பது போர்த்துக்கேய மொழியின் சாவெ என்ற சொல்லிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரையிலும் தென்னிந்தியாவின் பிற கரைகளிலும் போர்த்துக்கேயருடன் ஏற்பட்ட தொடர்பினால் அலமாரி, சன்னல், மேசை போன்ற சொற்களும் தமிழில் கலந்தன.

## வரலாறு

சாவி ஆளி, பூட்டு, மின் ஆளி என்னும் இரு கருவிகளின் சேர்க்கை ஆகும். இதற்கு அடிப்படையான சிறிய உருளைப் பூட்டு 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அமெரிக்காவைச் சேர்ந்த இளைய லைனசு யேல், தட்டையான சாவியால் திறக்கும் ஊசி வகை உருளைப் பூட்டுக்கு 1860களில் காப்புரிமை பெற்றார். உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள இப்பூட்டு, பின்னர் மின் ஆளிகளுடன் இணைக்கப்படுவதற்கு ஏற்றதாக இருந்தது.

இரயில்வேயில் சாவியை வேறொரு நோக்கத்திற்காகப் பயன்படுத்தும் முறை தோன்றியது. 1890களில் பிரெஞ்சு இரயில்வேயில் தண்டவாளப் பிரிவுகளையும் சைகைக் கம்பங்களையும் ஒரே சாவியால் இணைத்துப் பூட்டும் முறை கையாளப்பட்டது. தண்டவாளம் உரிய நிலையில் பூட்டப்பட்டால் மட்டுமே சாவி வெளிவரும். அச்சாவி கிடைத்தால் மட்டுமே சைகையை மாற்ற முடியும். இக்கருத்து பின்னர் மின்துறைக்கும் பரவியது. 1922இல் இலண்டனில் சேம்சு ஆரி கேஸ்டெல் தொடங்கிய நிறுவனம் மின் ஆளிக்கருவிகளில் பணியாற்றுவோரைக் காக்கும் பொருட்டு இவ்வகைப் பூட்டுகளைச் செய்தது. இந்தியத் துணைநிலையங்களில் எந்த நிறுவனம் செய்த பூட்டாயினும் கேஸ்டெல் கீ என்றே அழைக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

வாகனங்களில் எரிபற்றலுக்கான சாவி முன்பே இருந்தாலும், சாவியைத் திருப்பியே இயந்திரத்தைத் தொடக்கும் முறையைக் கிரைசுலர் நிறுவனம் 1949இல் தனது மகிழுந்துகளில் அறிமுகப்படுத்தியது. கணினிகளிலும் சாவி ஆளிகள் இடம்பெற்றன. 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியின் முன்புறத்தில் இருந்த பூட்டு, விசைப்பலகையைச் செயலிழக்கச் செய்தது.

## அமைப்பு

ஒரு சாவி ஆளியில் மூன்று பகுதிகள் உள்ளன.

* பூட்டுருளை: உரிய சாவி செருகப்படும்போது மட்டும் சுழலும் உருளை. இதனுள் ஊசிகளோ மெல்லிய தகடுகளோ வில்லின் அழுத்தத்தில் நிற்கின்றன. சாவியின் வெட்டுகள் அவற்றைச் சரியான உயரத்திற்குக் கொண்டுவரும்போது உருளை சுழலத் தடையில்லை.
* இயக்கத் தண்டு: உருளையின் சுழற்சியைத் தொடுமுனைகளுக்குக் கடத்தும் பகுதி.
* தொடுமுனைத் தொகுதி: மின்சுற்றைத் திறந்து மூடும் பகுதி. இதில் இயல்பாகத் திறந்த தொடுமுனை, இயல்பாக மூடிய தொடுமுனை என இரு வகைகள் உண்டு. ஒரே உருளையின் பின்னால் பல தொகுதிகளை அடுக்கிப் பொருத்தலாம்.

தொழிலகக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் பொருத்தப்படும் சாவி ஆளிகள் பெரும்பாலும் 22 மி.மீ. அல்லது 30 மி.மீ. அளவுத் துளைக்கு ஏற்றவை. இவற்றின் தொடுமுனைகள் சில ஆம்பியர் மின்னோட்டத்தையே தாங்கக்கூடியவை. எடுத்துக்காட்டாக, ஏ600 என்னும் வகைப்பாட்டிலுள்ள தொடுமுனை 240 வோல்ட்டு மாறுமின்னழுத்தத்தில் 3 ஆம்பியர் மின்னோட்டத்தைத் துண்டிக்க வல்லது. பெரிய மின்னோடிக்கான மின்னோட்டம் இதன் வழியாகச் செல்வதில்லை.

பூட்டின் பாதுகாப்பு, எத்தனை வகைச் சாவிகள் இயலும் என்பதையும் பொறுத்தது. ஐந்து ஊசிகளும் ஒவ்வோர் ஊசிக்கும் ஆறு உயரங்களும் உள்ள பூட்டில் கணக்கின்படி 7,776 சேர்க்கைகள் இயலும். நடைமுறையில் பயன்படுத்தத்தக்க சேர்க்கைகள் இதைவிடக் குறைவு.

## நிலைகள்

சாவி ஆளிகள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிலைகள் கொண்டவை. திருப்பிய நிலையிலேயே நிற்பவை நிலைநிற்கும் ஆளிகள் எனப்படும். கையை விட்டவுடன் வில்லின் விசையால் பழைய நிலைக்குத் திரும்புபவை மீளும் ஆளிகள் எனப்படும். மகிழுந்தைத் தொடக்கும்போது சாவி கடைசி நிலையிலிருந்து தானே பின்வாங்குவது மீளும் ஆளிக்கு எடுத்துக்காட்டாகும்.

சாவியை எந்த நிலையில் வெளியே எடுக்கலாம் என்பது சாவி ஆளியைத் தேர்ந்தெடுக்கும்போது தீர்மானிக்க வேண்டிய முதன்மையான செய்தி ஆகும்.

* நிறுத்த நிலையில் மட்டும் எடுக்கக்கூடியது: பொறி ஓடும்போது சாவி ஆளியிலேயே இருக்கும். சாவி ஒருவரின் சட்டைப்பையில் இருந்தால் அந்த ஆளி நிறுத்த நிலையில் உள்ளது என்பது உறுதி.
* இயங்கு நிலையில் மட்டும் எடுக்கக்கூடியது: தொடர்ந்து இயங்க வேண்டிய கருவியை எவரும் நிறுத்திவிடாமல் இருக்க உதவும்.
* எல்லா நிலைகளிலும் எடுக்கக்கூடியது: முறை தேர்வுக்குப் பயன்படும். சாவி கையில் இருப்பதைக் கொண்டு ஆளியின் நிலையை அறிய இயலாது.

ஒரே தோற்றமுள்ள ஆளிகள் இம்மூன்று வகைகளிலும் கிடைக்கின்றன. பழுதான ஆளிக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தும்போது இவ்வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், பலகையின் தோற்றம் மாறாமலேயே பாதுகாப்பு முறை மாறிவிடும்.

## மின்சுற்றில் சாவி ஆளியின் இடம்

தொழிலக மின்னோடி ஒன்றின் இணைப்பில் இரு சுற்றுகள் உள்ளன. மின்னோடிக்குத் தேவையான பெரும் மின்னோட்டத்தைக் கொண்டுசெல்வது மின்திறன் சுற்று. அதனை இணைக்கவும் துண்டிக்கவும் மின்காந்தத்தால் இயங்கும் தொடுவி (காண்டாக்டர்) உள்ளது. அத்தொடுவியின் சுருளுக்குச் சிறிய மின்னோட்டத்தை அளிப்பது கட்டுப்பாட்டுச் சுற்று. சாவி ஆளி, அழுத்துபொத்தான், நெருக்கடி நிறுத்தப் பொத்தான் ஆகியவை பொதுவாக இச்சுற்றில்தான் அமைகின்றன.

எனவே சாவியைத் திருப்பி நிறுத்தும்போது தொடுவியின் சுருள் மின்சாரத்தை இழக்கிறது. தொடுவி திறக்க வேண்டும். ஆனால் தொடுவியின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் மின்னோடி நிற்காது. கட்டுப்பாட்டுக் கம்பிகளில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் சாவி இல்லாமலேயே மின்னோடி தொடங்கவும் கூடும். கணினிநிரல் வழியாக இயங்கும் அமைப்புகளில் சாவி ஆளியின் நிலை ஓர் உள்ளீடாக மட்டுமே படிக்கப்படுகிறது.

பழுதுபார்ப்புக்கு முன் மின்திறன் சுற்றையே தனிப்படுத்தியால் (ஐசோலேட்டர்) துண்டித்து, அதன் கைப்பிடியில் பூட்டு மாட்டி, மின்னழுத்தம் இல்லை என்பதைச் சோதித்தறிய வேண்டும். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்னேற்றம், உயர்த்தி நிறுத்தப்பட்ட சுமை, அழுத்தப்பட்ட காற்று, நீர்ம அழுத்தம் ஆகிய பிற ஆற்றல்களும் விடுவிக்கப்பட வேண்டும். 1989இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட பூட்டுதல், அட்டையிடுதல் விதிமுறை, அழுத்துபொத்தான்களும் தேர்வு ஆளிகளும் பிற கட்டுப்பாட்டுச் சுற்றுக் கருவிகளும் ஆற்றலைத் தனிப்படுத்தும் கருவிகள் அல்ல என்று வெளிப்படையாகக் கூறுகிறது.

## சாவி இடைப்பூட்டு

சாவி இடைப்பூட்டு (கீ இன்டர்லாக்) என்பது ஒரே சாவியைப் பல பூட்டுகளில் வரிசையாகப் பயன்படுத்தச் செய்து, செயல்கள் தவறான வரிசையில் நிகழாமல் தடுக்கும் முறையாகும். ஒவ்வொரு பூட்டும் சாவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் படி பாதுகாப்பாக முடிந்தால் மட்டுமே சாவியை விடுவிக்கும். இம்முறையில் பூட்டு முதன்மைச் சுற்றின் கருவியோடு இயந்திர முறையில் பிணைக்கப்படுவதால், இது சாதாரணச் சாவி ஆளியைவிட உறுதியானது.

### இரு பூட்டுகள், ஒரு சாவி

மின்வாரிய இணைப்பும் சொந்த மின்னாக்கியும் உள்ள கட்டடம் ஒன்றில் இரண்டும் ஒரே நேரத்தில் இணைக்கப்படக் கூடாது. மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்திக் கம்பத்தில் பணி செய்யும்போது, கட்டடத்தின் மின்னாக்கியிலிருந்து வெளிக்கம்பிக்கு மின்சாரம் பாய்ந்தால், மின்மாற்றியின் வழியாக அது உயர் மின்னழுத்தமாக மாறிப் பணியாளரைத் தாக்கும். இரு சுற்று முறிப்பான்களிலும் ஒவ்வொரு பூட்டு அமைத்து, இரண்டிற்கும் ஒரே சாவியை வைத்தால் இவ்விபத்தைத் தடுக்கலாம். ஒன்றைத் திறந்து சாவியை எடுத்த பின்னரே மற்றொன்றை மூட முடியும்.

### மூன்று பூட்டுகள், இரு சாவிகள்

இரு மின்மாற்றிகளும் அவற்றின் மின்பாதைகளை இணைக்கும் ஓர் இணைப்பு முறிப்பானும் உள்ள துணைநிலையத்தில் மூன்று முறிப்பான்களும் ஒருசேர மூடப்படக் கூடாது. மூன்று பூட்டுகளுக்கும் பொதுவாக இரு சாவிகள் மட்டும் கொடுக்கப்படுகின்றன. எந்நேரத்திலும் இரண்டு முறிப்பான்களை மட்டுமே மூட இயலும்.

### மின் இரயில் பொறிகள்

இந்திய இரயில்வேயின் மின் இரயில் பொறிகள் 25,000 வோல்ட்டு மாறுமின்னழுத்தக் கம்பியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. இவற்றின் உயர் மின்னழுத்த அறையைத் திறப்பதற்குச் சாவி வரிசை பின்பற்றப்படுகிறது. மேற்கம்பியைத் தொடும் சட்டகத்தை இறக்கி அதன் சாவியை எடுத்த பின்னரே புவியிணைப்பு ஆளியை இயக்க முடியும். புவியிணைப்பு முடிந்த பின்னரே அறைக் கதவுகளின் சாவிகள் விடுபடும். கதவு திறந்திருக்கும் வரை இவ்வரிசையைப் பின்னோக்கி நடத்த இயலாது.

### கதிர்வீச்சு நிலையங்கள்

மருத்துவப் பொருட்களைக் கிருமிநீக்கம் செய்யும் காமாக் கதிர்வீச்சு நிலையங்களில், கட்டுப்பாட்டுப் பலகையை இயக்கும் சாவியும் கதிர்வீச்சு அறையின் கதவைத் திறக்கும் சாவியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு நெறியாகும். அச்சாவி கையடக்கக் கதிர்வீச்சு அளவியுடன் சங்கிலியால் பிணைக்கப்படுகிறது. ஆகவே உள்ளே செல்பவர் சாவியைக் கட்டாயமாக உடன் எடுத்துச் செல்வார். அளவியும் உடன் செல்லும். அவர் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து எவரும் கதிர் மூலத்தை உயர்த்த முடியாது. 1989 பிப்ரவரி 5 அன்று எல் சால்வடோர் நாட்டின் சான் சால்வடோர் நகரிலுள்ள ஒரு நிலையத்தில் பாதுகாப்பு அமைப்புகள் சீர்கெட்டிருந்த நிலையில் மூவர் கதிர்வீச்சு அறைக்குள் சென்றனர். மூவரும் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் சில மாதங்களில் இறந்தார்.

## தூத்துக்குடித் துறைமுகமும் சாவி ஆளிகளும்

தூத்துக்குடித் துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று இந்தியாவின் 10ஆவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் இதற்கு வ. உ. சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. நிலக்கரி இறக்குதலும் சரக்குப் பெட்டகங்களைக் கையாளுதலும் இங்கு நடைபெறும் முதன்மைப் பணிகளில் அடங்கும். இவ்விரு பணிகளுக்கும் பயன்படும் பொறிவகைகளில் சாவி ஆளியின் பயன்களும் வரம்புகளும் தெளிவாகத் தெரிகின்றன.

### பெட்டகப் பாரந்தூக்கிகள்

தூத்துக்குடியில் 1999இல் முதல் சரக்குப் பெட்டக முனையம் இயங்கத் தொடங்கியது. 2024 செப்டம்பர் 16 அன்று தூத்துக்குடி பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் திறந்து வைக்கப்பட்டது. கப்பலிலிருந்து பெட்டகங்களை எடுக்கும் கரைப் பாரந்தூக்கிகளும் அவற்றை அடுக்கும் சக்கரப் பாரந்தூக்கிகளும் இத்தகைய முனையங்களின் அடிப்படைப் பொறிகளாகும்.

இவ்வகைப் பாரந்தூக்கிகளின் இயக்குநர் அறையில் பொதுவாகக் கட்டுப்பாட்டுக்கான சாவி ஆளி ஒன்று உண்டு. தகுதி பெற்ற இயக்குநர் சாவியைச் செருகினால் மட்டுமே இயக்குபிடிகள் உயிர் பெறும். பழுதுபார்ப்பு முறை, அந்தந்த இடத்திலிருந்து இயக்கும் முறை ஆகியவற்றுக்குத் தனிச் சாவி ஆளிகள் அமைக்கப்படுகின்றன.

பாதுகாப்புத் தடைகளைத் தற்காலிகமாக விலக்கும் சாவி ஆளியும் இவற்றில் உண்டு. பெட்டகத்தின் நான்கு மூலைகளையும் பற்றும் திருகு பூட்டுகள், பெட்டகம் தரையிலோ மற்றொரு பெட்டகத்தின் மீதோ அமர்ந்த பின்னரே திறக்கும்படி தடுக்கப்பட்டுள்ளன. உணர்கருவி பழுதடைந்து, தரையில் அமர்ந்த பெட்டகத்தையும் விடுவிக்க இயலாத நிலை ஏற்படும்போது அத்தடையை விலக்கச் சாவி தேவைப்படுகிறது. அச்சாவி மேற்பார்வையாளரிடம் இருந்தால், விலக்குவதற்கு முன் இருவர் நிலைமையைப் பார்க்க நேரிடும். சாவி எப்போதும் ஆளியிலேயே தொங்கினால் தடை இருந்தும் இல்லாததாகிவிடும். தொங்கும் பெட்டகத்தின் கீழ் நிற்பவருக்கு அது தெரியவும் வழியில்லை.

### நிலக்கரிப் பட்டைகள்

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 1979 முதல் 1991 வரை தலா 210 மெகாவாட் திறனுள்ள 5 அலகுகள் நிறுவப்பட்டன. இதற்கான நிலக்கரி கப்பலில் வந்து, துறைமுகத்தின் நிலக்கரித் துறையிலிருந்து கொண்டுசெல் பட்டைகள் (கன்வேயர்) வழியாக நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்படும் வகையில் அமைப்பு உருவாக்கப்பட்டது.

நீண்ட பட்டைகளைத் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குவது வழக்கம். உருளையில் சிக்கிய நிலக்கரியை அகற்றுபவர் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் கண்ணுக்குத் தெரியமாட்டார். இதற்காகப் பட்டையின் அருகில் தொலை இயக்கம், நிறுத்தம், இட இயக்கம் என்னும் மூன்று நிலைகள் கொண்ட சாவி ஆளி வைக்கப்படுகிறது. பட்டையின் நெடுகிலும் நெருக்கடியில் இழுக்கத்தக்க கயிற்று ஆளிகளும் உண்டு.

இவ்விரண்டும் கட்டுப்பாட்டுச் சுற்றைச் சேர்ந்தவையே. உருளையைத் துப்புரவு செய்ய வேண்டுமானால் மின்னோடியின் முறிப்பானைத் துண்டித்துப் பூட்ட வேண்டும். பலர் சேர்ந்து பணி செய்யும்போது ஒவ்வொருவரும் தத்தம் பூட்டை மாட்டித் தத்தம் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வர். கடைசிப் பூட்டு அகற்றப்படும் வரை பட்டையைத் தொடக்க இயலாது. தமிழக மின்வாரியப் பணிகளில் மின்பாதையில் வேலை செய்யுமுன் லைன் கிளியர் (எல்.சி.) பெறுவதும் இதே நோக்கமுடையது. எனினும் லைன் கிளியர் என்பது எழுத்தால் தரப்படும் அனுமதி. பூட்டு என்பது பொருளால் ஏற்படும் தடை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

எழுத்தை மட்டும் நம்புவதன் விளைவுக்கு வடகடலிலிருந்த பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடை அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். 1988 ஜூலை 6 அன்று அங்கு ஓர் எக்கியின் பாதுகாப்பு ஓரதர் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அதற்கான அனுமதிச் சீட்டின் செய்தி இரவுப் பணியாளர்களைச் சென்றடையவில்லை. அவர்கள் அவ்வெக்கியைத் தொடக்கியதைத் தொடர்ந்து ஏற்பட்ட வெடிப்பிலும் தீயிலும் 167 பேர் இறந்தனர்.

## நிறுத்துதல் ஆபத்தாகும் இடங்கள்

பொறியை நிறுத்தினால் பாதுகாப்பு என்பது பொது விதி. இதற்கு விலக்குகள் உண்டு. மன்னார் வளைகுடாவில் நடைபெறும் சங்கு குளித்தல் இதனை விளக்க உதவும்.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளித்தல் நடைபெற்றது. அதன் பின்னர் பெரிய அளவில் நடைபெறவில்லை. சங்கு குளித்தல் தொடர்ந்து நடைபெற்று வந்துள்ளது. பழைய முறையில் குளியாளி கல்லின் எடையால் இறங்கி, மூச்சை அடக்கித் திரட்டி, படகிலிருப்பவர் கயிற்றை இழுக்க மேலே வந்தார். பிற்காலத்தில், படகின் இயந்திரத்தால் இயங்கும் காற்றழுத்தியிலிருந்து குழாய் வழியாகக் காற்றைப் பெற்று மூழ்கும் முறையும் பரவியது. இம்முறையில் படகு இயந்திரம் நின்றால் கீழிருப்பவருக்குக் காற்றும் நின்றுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலேறினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து காயம் ஏற்படும்.

இத்தகைய பயன்பாட்டில் நிறுத்த நிலையில் மட்டும் சாவி விடுபடும் ஆளி தவறான தேர்வாகும்; ஏனெனில் இயந்திரம் ஓடும்வரை சாவி ஆளியிலேயே இருப்பதால் எவரும் அதனைத் திருப்பிவிடலாம். இயங்கு நிலையில் சாவியை எடுத்து, கயிற்றைக் கவனிப்பவரிடம் கொடுக்கக்கூடிய ஆளியே ஏற்றது. நச்சு வளிமத்தை வெளியேற்றும் விசிறிகள், தீயணைப்பு எக்கிகள், தீ உணர் அமைப்புகள், மருத்துவமனைகளின் உயிர்காப்புக் கருவிகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே சாவி ஆளியைத் தேர்ந்தெடுக்குமுன், ஆபத்துக்குள்ளாகும் மனிதர் எங்கே இருக்கிறார், அவருக்குப் பொறி ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்னும் கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

## சட்டமும் செந்தரங்களும்

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தற்செயலாக நிறுத்த நிலையிலிருந்து இயங்கு நிலைக்கு மாறக்கூடிய மின்துண்டிப்புக் கருவிகளைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று தனது 24ஆம் பிரிவில் விதித்தது. பணியிடப் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020 என்பது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டம், 1986ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை உட்பட 13 சட்டங்களுக்கு மாற்றாக இது அமைந்தது.

பன்னாட்டுச் செந்தரங்களுள் ஐ.இ.சி. 60947-5-1 கட்டுப்பாட்டுச் சுற்று ஆளிகளைப் பற்றியது. முனைகள் ஒட்டிக்கொண்டாலும் தண்டின் விசையால் அவற்றைப் பிரிக்கும் கட்டாயத் திறப்பு பற்றியும் இது வரையறுக்கிறது. ஐ.இ.சி. 60204-1 பொறிகளின் மின் அமைப்புகளைப் பற்றியது. ஐ.எசு.ஓ. 14118 எதிர்பாராத தொடக்கத்தைத் தடுப்பது பற்றியது. சாவி இடைப்பூட்டுகளுக்கென ஐ.எசு.ஓ./டி.எசு. 19837 என்னும் ஆவணம் 2018இல் வெளியிடப்பட்டது.

## குறைபாடுகள்

சாவி ஆளி தரும் பாதுகாப்பு, சாவி எவ்வாறு பேணப்படுகிறது என்பதைப் பொறுத்ததாகும். பின்வருவன பொதுவாகக் காணப்படும் குறைபாடுகள்:

* பொதுச் சாவி: உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் ஒரே எண் கொண்ட சாவியையே எல்லா ஆளிகளுக்கும் வழங்குகின்றனர். ஐரோப்பிய வகைத் தொழிலக ஆளிகளில் ரோனிசு 455 என்னும் எண்ணுள்ள சாவி மிகப் பரவலானது. ஒரு பொறியின் சாவியால் மற்றொரு பொறியையும், வேறோர் ஆலையின் பொறியையும் கூட இயக்க முடியும். டெக் நிறுவனத்தின் பி.டி.பி. கணினிகளிலும் எக்சு.எக்சு.2247 என்னும் ஒரே சாவி பயன்பட்டது. தனித்தன்மையுள்ள சாவி வேண்டுமெனில் அதனைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பெற வேண்டும்.
* ஆளியிலேயே விடப்பட்ட சாவி: சாவி நிலையாகச் செருகப்பட்டிருக்கும் ஆளி, கைப்பிடியுள்ள சாதாரண ஆளிக்கு நிகரானது.
* மாற்றுச் சாவிகள்: சாவி இடைப்பூட்டில் ஒரு சாவிக்குப் படி எடுக்கப்பட்டால் அம்முறையின் அடிப்படையே தகர்ந்துவிடும். மாற்றுச் சாவி தேவைப்படும் இடங்களில் அது முத்திரையிட்ட பெட்டியில் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும். எடுத்தவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.
* நேரடி இணைப்பு: ஆளியின் பின்புற முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் சாவி பொருளற்றதாகிவிடும். அவசரத்திற்காகச் செய்யப்படும் இவ்விணைப்பு பின்னர் மறக்கப்படுவதுண்டு.

## கடற்கரைச் சூழலும் பராமரிப்பும்

தூத்துக்குடி போன்ற கடற்கரைகளில் காற்றில் உப்புத்துகள்கள் மிகுந்துள்ளன. உப்பளங்கள் சூழ்ந்த இப்பகுதியில் உப்புடன் நிலக்கரித் தூசியும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, பூட்டுருளையின் வில்களையும் தொடுமுனைகளையும் அரிக்கிறது. தூசி ஊசிகளின் இடுக்குகளில் அடைந்து சாவியைச் சிக்கவைக்கிறது. சிக்கிய சாவியை வலிந்து திருப்பும்போது அது முறிந்து, ஆளி இயங்கு நிலையிலேயே நின்றுவிடக்கூடும். இதனால் நெருக்கடி நிறுத்தத்திற்குச் சாவி ஆளியை நம்பியிருக்கக் கூடாது. அதற்கெனச் சிவப்பு நிறப் பொத்தான் தனியாக இருக்க வேண்டும்.

திறந்தவெளியில் பொருத்தப்படும் ஆளிகளுக்கு ஐ.பி.65 அல்லது அதற்கு மேற்பட்ட காப்புத்தரமும், சாவித்துளையை மூடும் மூடியும், துருப்பிடிக்காத எஃகு முகப்பும் ஏற்றவை. சாவி செருகப்பட்டிருக்கும்போது மூடி திறந்திருப்பதால் அந்நிலையில் காப்புத்தரம் குறையலாம். பூட்டுருளைக்கு எண்ணெய் இடுவது தூசியைப் பிடித்துவைக்கும் என்பதால் கிராஃபைட்டுப் பொடி போன்ற உலர் உயவுப்பொருள் பயன்படுத்தப்படுகிறது. குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு நிலையிலும் தொடுமுனைகள் உண்மையில் திறக்கின்றனவா, சாவி உரிய நிலையில் மட்டும் வெளிவருகிறதா என்று சோதிக்க வேண்டும். தேய்ந்த உருளையில் சாவி எல்லா நிலைகளிலும் வெளிவரத் தொடங்கும். அப்போது ஆளியை மாற்ற வேண்டும்.

## இவற்றையும் பார்க்க

* மின் ஆளி
* சுற்று முறிப்பான்
* புவியிணைப்பு
* பூட்டு
* பாரந்தூக்கி
* தூத்துக்குடித் துறைமுகம்
* முத்துக்குளித்தல்